ஓர் ஏக்கரும் ஒரு கிரயப் பத்திரமும்

"கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை நிலப் போராளி என்கிறார்கள். ஆனால் நாகப்பட்டினம் பக்கம் அவர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதிக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. விலை கொடுத்து வாங்குவது எப்படிப் போராட்டமாகும்? பதவியோ சொந்தப் பணமோ இல்லாத ஒரு பெண்மணி, கூத்தூர் போன்ற ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களை நில உடைமையாளர்களாக்கியது நடைமுறையில் எப்படிச் சாத்தியமாயிற்று?" என்பது கேள்வி.

கேள்வி நியாயமானது. நாகப்பட்டினத்தை உள்ளடக்கிய கீழத்தஞ்சையில் இடதுசாரி நண்பர்கள் இதையே இன்னும் காரமாகக் கேட்பதுண்டு: உழைத்தவனுக்குச் சேர வேண்டிய நிலத்துக்கு மிராசுதாருக்கு எதற்கு விலை? நான் அந்தப் பகுதியிலேயே பிறந்து, கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவன். கடன் பத்திரமும் கிரயப் பத்திரமும் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். உண்ணாவிரதமும் மறியலும் அந்த அம்மாளுடைய வேலையில் வெளியே தெரிந்த பகுதி. நிலத்தைக் கை மாற்றியது, வங்கி மேலாளர், வருவாய்த் துறை எழுத்தர், சார்பதிவாளர், நிலக்காரர் ஆகியோரின் வாசல்களுக்கு அவர் வருடக்கணக்காக நடந்த நடைதான்.

அந்த நடைக்கு முந்திய வரலாற்றை ஓரளவு சொல்லியாக வேண்டும். கிருஷ்ணம்மாள் 1926ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அன்றைய மதுரை மாவட்டத்தில், நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நிறைமாதத்திலும் வயலில் குனிந்து வேலை செய்த தாய் நாகம்மாளைப் பார்த்து வளர்ந்த பெண் அவர். அக்காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு என்பது எண்ணிப் பார்க்க முடியாதது, டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளும் மருத்துவருமான சௌந்தரம் அம்மாளின் ஆதரவு கிடைத்ததால் அது அவருக்கு வாய்த்தது. காந்தியத் தொடர்பும் சர்வோதயப் பணியும் அந்த வழியாகவே வந்தன. சங்கரலிங்கம் ஜெகந்நாதன் வசதியான குடும்பத்துப் பிள்ளை; 1930இல் கல்லூரியை விட்டு வெளியேறி, 1942க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர். நாடு விடுதலையான பிறகே திருமணம் என்று இருந்த இருவரும் 1950இல் மணந்துகொண்டார்கள். சாதி கடந்த அந்தத் திருமணத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே அதற்குள் போகவில்லை.

நம் கேள்விக்கு முக்கியமானது அடுத்த பதினைந்து ஆண்டுகள். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கத்தில் இருவரும் இறங்கினார்கள். நிலம் உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குத் தாமாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டது என்பது கணக்கு. ஆனால் எழுதிக் கொடுத்ததற்கும் உழுததற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. பாறைக்காடும் வில்லங்கத்தில் கிடந்த நிலமும் தானப் பட்டியலில் ஏறின. பல இடங்களில் தானம் கொடுத்தவரே பிறகும் அறுத்துக்கொண்டிருந்தார். மனமுவந்து சொன்ன வார்த்தை பட்டாவாக மாறாது என்பதை ஊர் ஊராக நடந்து, காலால் கற்றுக்கொண்டவர்களில் கிருஷ்ணம்மாளும் ஒருவர். பின்னாளில் அவர் பத்திரத்தின் மேல் வைத்த பிடிவாதத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தை விட்டு, மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் சொல்லுக்குக் கீழ்ப்படிய மறுத்ததுமே காரணம். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களைப் பிறகு உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியதை எங்கள் பக்கத்தில் யாரும் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மதுரைப் பக்கத்து வேலைகளை விட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள்.

வந்த இடத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தைக் கணக்கில் கொண்ட அளவு) என்று வைத்த வரம்பு, 1970இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. இருந்தும் ஒரே பண்ணை நூற்றுக்கணக்கான ஏக்கருடன் நின்றது. கோயில் நிலத்துக்கும் அறக்கட்டளை நிலத்துக்கும் சட்டத்தில் சலுகை உண்டு; மீதியை வேலைக்காரர் பெயரிலும், கணக்குப்பிள்ளையின் மைத்துனர் பெயரிலும், சில நேரம் இறந்துபோனவர் பெயரிலும் எழுதி வைத்துவிட்டால் வரம்பு யாரையும் தொடாது. இதற்கு எதிராக வலிவலம் பகுதியில் அவர்கள் சத்தியாகிரகம் செய்தார்கள். அவர்களுடைய பாதையில் முதலில் வந்தது போராட்டம் என்பதைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். அதில் கிடைத்ததும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பண்ணை நிலத்துக்கும் ஒரு சத்தியாகிரகம், ஒரு சிறைவாசம், பத்தாண்டு வழக்கு என்று போனால் கூலிக்கு நடவு நடும் ஒரு பெண்ணின் வாழ்நாளுக்குள் எதுவும் முடியாது. அவர் விலைக்கு வாங்கும் வழிக்கு வந்ததன் காரணத்தை இந்தக் கால அளவில்தான் தேட வேண்டும்.

1981இல் இருவரும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுவோரின் விடுதலைக்கு நிலம் என்பது அந்தச் சுருக்கப் பெயரின் பொருள். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு வயது 55. அரசு வேலையில் இருந்திருந்தால் ஓய்வூதியக் கோப்பைத் தேடத் தொடங்கியிருப்பார். அந்தக் காலத்துக் கீழத்தஞ்சை நிலக்காரர்களின் நிலைமையை அவர் சரியாகக் கணித்திருந்தார். பிள்ளைகள் சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். கூலித் தகராறு ஓயவில்லை. உச்சவரம்புக் கத்தி தலைக்கு மேலே தொங்குகிறது. விற்றுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது, ஆனால் வாங்கும் வலு உள்ளவர் இன்னொரு பெரிய நிலக்காரராகவே இருந்தார். அந்த நிலத்தில் தலைமுறையாக உழைத்த ஐம்பது குடும்பங்களைச் சேர்த்து ஒரே வாங்குபவராக நிறுத்த முடியுமானால், அந்த நிலம் சேரிக்குள் வரும். லாஃப்டி செய்தது இதுதான்.

சொல்வதற்கு எளிது. நடைமுறையில் முதலில் நிலக்காரரை இணங்க வைக்க வேண்டும். அவரை ஊர் முன் எதிரியாக நிறுத்திவிட்டால் அவர் விற்கமாட்டார், அல்லது வேறு ஒருவருக்கு விற்றுவிடுவார். எனவே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். வெண்மணிக்குப் பிறகு அந்தப் பேச்சு எவ்வளவு கடினம் என்பதை வெளியூர்க்காரர்கள் முழுவதும் உணர்வது அரிது. அடுத்து வங்கி. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு எந்த மேலாளரும் கடன் கொடுக்கத் தயங்குவார். வாங்கப் போகும் நிலத்தையே அடமானமாக ஏற்கச் சொல்லி அவரை ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். அதன் பிறகு வருவது யாரும் எதிர்பார்க்காத முட்டுக்கட்டை: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். நிலத்தின் விலையையாவது விளைச்சலில் இருந்து தவணையாக அடைக்கலாம். பத்திரச் செலவை அன்றைக்கே ரொக்கமாகக் கட்ட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அவர்களுடைய வேகத்தைக் கட்டிப்போட்டது இந்தச் செலவுதான். அதில் விலக்குக் கேட்டு அரசிடம் அலைந்து பெற்ற பிறகே வேலை சூடு பிடித்தது. வங்கிக் கடன், அரசு மானியம், குடும்பங்களின் தவணை என்று பல கைகளில் இருந்து பணத்தைச் சேர்த்து, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம், ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு விதி எப்போதும் தளர்த்தப்படவில்லை: பத்திரம் பெண்ணின் பெயரில். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு இந்த விதியின் அருமை உடனே விளங்கும். ஆண் பெயரில் உள்ள பட்டா சாராயக்கடைக்கும் சீட்டுக்காரருக்கும் போய்வந்துகொண்டிருக்கும். ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு வழக்கு வந்தால் முதலில் வீட்டை விட்டு வெளியேறுவது அந்தக் காகிதம்தான். பெண்ணிடம் போன காகிதம் வீட்டை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை. இன்று ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் நிலம் வாங்கும் திட்டம் ஆதிதிராவிடப் பெண்கள் பெயரில் நிலம் வாங்குவதையே முதன்மையாக வைத்து, முத்திரைத் தீர்வையில் விலக்கும் தருகிறது. விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு, ஏழையின் நிலம் ஏழைக்கே சுற்றி வந்துவிடக்கூடாது என்பதற்காக. இப்போது அரசாணையாகப் படிக்கும்போது இயல்பாகத் தோன்றும் இந்த வரிகளை, 1980களில் ஒரு சார்பதிவாளர் முன் நின்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கீழ்வேளூர் வட்டத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டில் இப்படிப்பட்ட பத்திரம் ஒன்றைப் பார்த்தேன். தகரப் பெட்டிக்குள், ஒரு மஞ்சள் பைக்குள், இன்னொரு பாலித்தீன் உறைக்குள் இருந்தது; மழைக்காலம் வந்தால் அந்தப் பெட்டி பரணில் ஏறிவிடும் என்றார். நன்செய், ஏக்கர் ஒன்று, நான்கு எல்லைகள்: வடக்கே வாய்க்கால், மற்ற மூன்று பக்கமும் அதே நாளில் அதே பண்ணையில் வாங்கிய மற்ற பெண்களின் நிலங்கள். மூன்று எல்லைகளிலும் பெண் பெயராக வரும் கிரயப் பத்திரத்தை என் உத்தியோக காலத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கிரயம் எழுதிக் கொடுத்தவர் கையெழுத்து இருக்கும் இடத்தில் சரியாக விரலை வைத்துக் காட்டினார். எந்தக் குடும்பத்தின் கொல்லை வாசலில் முந்தானை விரித்துக் கூலி நெல் வாங்கினாரோ அந்தக் குடும்பத்துப் பெரியவர், அவருக்காக ஒவ்வொரு தாளிலும் போட்ட கையெழுத்து. விலை கொடுத்தது போராட்டமா என்று கேட்பவர்களிடம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த விரல்தான்.

நிலம் கிடைத்தவுடன் வயிறு நிறைந்துவிடவில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் இடைப்பட்ட மாதங்களில், மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஆண்டுகளில், ஓர் ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்காது. அதற்காகப் பாய் நெசவு, செங்கல் சூளை, கயிறு திரித்தல், தச்சு, கொத்து வேலைப் பயிற்சிகளை அமைப்பு நடத்தியது. இவற்றில் செங்கல்தான் நின்றது, ஏனென்றால் அடுத்து வந்த வீடு கட்டும் வேலைக்கு அது தேவைப்பட்டது.

1990களின் தொடக்கத்தில் ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. கடற்கரையோர நிலங்களை நிறுவனங்கள் இறால் பண்ணைக்காக வாங்கத் தொடங்கின. நெல் வயலை வெட்டிக் குளமாக்கி, கடல் நீரை ஏற்றி, தீவனமும் மருந்தும் கொட்டி வளர்த்து, அழுக்கு நீரை அப்படியே வாய்க்காலில் விடுவதுதான் அன்றைய முறை. பக்கத்து வயல் உவர்ந்தது, ஊர்க்கிணறு கரித்தது. ஓர் ஏக்கர் நெல்லில் நடவு, களை, அறுப்பு என்று எத்தனையோ பெண்களுக்குக் கூலி உண்டு. இறால் குளத்துக்கு ஒரு காவல்காரரும் ஒரு மோட்டார் ஓட்டுபவரும் போதும். கிருஷ்ணம்மாளின் திட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு அடியும் இதில் இருந்தது: இறால் நிறுவனம் பெரும் பணத்தோடு வரும் இடத்தில், நடவாட்கள் சேர்ந்து தவணையில் வாங்க வரும் பேச்சை எந்த நிலக்காரரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

இங்கே அவர்கள் பேச்சுவார்த்தையை விட்டுவிட்டு மறியலில் இறங்கினார்கள், ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நேரில் ஆராய்ந்து, இறாலால் வரும் வருமானத்தைவிட ஊருக்கு ஏற்படும் இழப்பே அதிகம் என்று கணக்குக் காட்டியது. 1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், கெடுத்தவர்களே ஈடு செய்ய வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஆறு ஆண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் ஜெகந்நாதன் வழக்கு என்று படிப்பது இதைத்தான். ஆனால் களத்தில் இடிபட்டவை குறைவு. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தபோது அந்தத் தீர்ப்பின் பல் பெருமளவு பிடுங்கப்பட்டுவிட்டது. தீர்ப்பை விழாவாகக் கொண்டாடும் கட்டுரைகள் இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விடுவது எனக்கு உவப்பில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாடு முழுவதிலும் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்று. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியது. இரண்டு முறையும் முதலில் போனது குடிசைதான். எழுபதைக் கடந்த வயதில் கிருஷ்ணம்மாள் கையில் எடுத்தது வீடு: கூரையைப் பிரித்துவிட்டுக் கல்வீடு. பலர் வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருப்பார்கள்; சேற்றுத் தரையில் தண்ணீர் ஏறும் குடிசைக்குள் பிள்ளை பெற்ற பெண்களை அறிந்தவருக்கு அந்தக் கேள்வி எழாது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்த பின்னரும் கூத்தூர் வினோபா ஆசிரமத்தில் வேலை தொடர்ந்தது. கிருஷ்ணம்மாள் வள்ளலாரின் பக்தர். கூட்டங்களில் விளக்கேற்றி அருட்பெருஞ்ஜோதி பாடுவது வழக்கம். நாத்திகரான தோழர்கள் சிலருக்கு அது சங்கடமாக இருந்திருக்கலாம், ஆனால் கூட்டத்துக்கு வந்த பெண்களுக்கு இருந்ததில்லை. 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது, 2020இல் பத்மபூஷண் என்று விருதுகள் வந்தன. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி நேரடியாகக் கேள்விக்கு. விலை கொடுத்து வாங்கியது நிலக்காரருக்குச் சாதகமாயிற்று என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. உச்சவரம்புச் சட்டப்படி அரசு எடுத்திருக்க வேண்டிய நிலத்துக்குச் சில இடங்களில் ஏழைகளே கடன்பட்டு விலை கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குற்றத்தின் முகவரி கூத்தூர் ஆசிரமம் அன்று. தன் சட்டத்தைத் தானே நிறைவேற்றாத அரசு. தருமம் என்று சொல்வதும் பொருந்தாது, ஏனென்றால் அந்தப் பெண்கள் தவணை கட்டினார்கள். தன்னார்வலர் என்று இப்போது ஒரு சொல் புழங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்கன்று நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்பவருக்கும் அதே சொல், கிருஷ்ணம்மாளுக்கும் அதே சொல் என்பதால் அதை நான் தவிர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் 'அம்மா வந்து முடிச்சுக் குடுத்தாங்க' என்பார்கள். தொடங்கி வைத்தவர்கள் பலரைக் கண்ட ஊர் அது. முடித்துக் கொடுத்தது என்ற வினைச்சொல்லை யாருக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. நாற்பது ஆண்டில் குடும்பம் பெருகியிருக்கிறது, ஏக்கர் பெருகவில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பல வயல்களைப் பக்கத்து வயல்காரர் குத்தகைக்குச் செய்கிறார். கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாள் யாருக்கும் நிச்சயமில்லை. நடவு இயந்திரம் வந்த பிறகு கூலி வேலையும் சுருங்கிவிட்டது.

தகரப் பெட்டி மூதாட்டி என்னை அழைத்ததுகூடப் பத்திரத்தைக் காட்டுவதற்காக இல்லை. அவருக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும். நிலத்தைத் தம் காலத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும், உயில் வேண்டாம், வம்பாகிவிடும், என்ன செய்யலாம் என்று கேட்டார். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் பத்திரம் போட்டுவிட்டால் பதிவுச் செலவு குறைவு, பிறகு உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். யார் பெயருக்கு என்று கேட்டேன். மகன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நான் எப்படி வாங்கினேனோ அப்படித்தான் போகணும்" என்று சொல்லி, இரண்டு மகள்களின் ஆதார் அட்டை நகல்களையும் அதே மஞ்சள் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்.